பாவமன்னிப்பு மறுக்கப்பட்ட குருவானவர்

(திருவருகைக்காலம் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட குருக்களும் லேவியரும் திருமுழுக்கு யோவானிடம், நீர் யார் என்று கேட்பதை இன்றைய நற்செய்தியில் வாசிக்கக் கேட்டோம். தாம் மெசியா அல்ல, எலியாவும் அல்ல, பாலைநிலத்தில் ஒலிக்கும் ஒரு குரல் மட்டுமே என்கிறார் யோவான். நாம் பலமுறை கேட்டுப் பழகிய வாசகம் இது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

500 ஆண்டுகளுக்கு முன், இதே வாசகத்தை எடுத்துக்கொண்டு ஒரு துறவி மறையுரை ஆற்றினார். அன்று கோவிலில் இருந்தவர்கள் அமைதியாக வீட்டுக்குப் போகவில்லை. கோபத்தோடு எழுந்து, சாமியாருடைய வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்த வரலாற்றையும், அதைக் கேட்டும் உடனே மனம் மாறாத ஒரு குருவின் கதையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கரீபியக் கடலில் இஸ்பானியோலா என்றொரு தீவு இருக்கிறது. இன்று அதன் மேற்குப் பகுதி ஹைட்டி. கிழக்குப் பகுதி தொமினிக்கன் குடியரசு. 1492ஆம் ஆண்டின் இறுதியில் கொலம்பஸ் அங்கே போய் இறங்கினார். அங்கு வாழ்ந்துவந்தவர்கள் தாயினோ என்னும் மக்கள். மரவள்ளி பயிரிட்டு, மீன் பிடித்து, ஊர் ஊராகத் தங்கள் தலைவர்களின் கீழ் வாழ்ந்தவர்கள். கப்பலில் வந்தவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். வந்தவர்களோ தங்கம் எங்கே என்று கேட்டார்கள்.

விரைவில் அங்கே ஓர் ஏற்பாடு வந்தது. அதற்கு என்கொமியெந்தா என்று பெயர்; ஒப்படைத்தல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். இத்தனை தாயினோ மக்கள் உமக்கு ஒப்படைக்கப்படுகிறார்கள், அவர்களைக் காப்பாற்றி மறைக்கல்வி கொடும், பதிலுக்கு அவர்கள் உமக்கு வேலை செய்வார்கள் என்று ஸ்பானியக் குடியேறிகளுக்கு அரசின் பெயரால் ஆட்கள் வழங்கப்பட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் அது பாதுகாப்பு. நடைமுறையில் அது தங்கச் சுரங்கம், பட்டினி, சவுக்கு. புதிதாக வந்த நோய்களும் சேர்ந்துகொண்டன. லட்சக்கணக்கில் வாழ்ந்ததாகக் கருதப்படும் அந்த மக்களில், 1514ஆம் ஆண்டு ஆட்களைப் பங்கிட எடுத்த கணக்கில் எஞ்சியிருந்தவர்கள் சுமார் 26 ஆயிரம் பேர்தான்.

1510இல் தோமினிக்கன் சபைத் துறவிகள் சிலர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களுடைய தலைவர் பேத்ரோ தெ கோர்தொபா இளவயதினர். ஏறத்தாழ ஓராண்டு நடந்ததையெல்லாம் பார்த்தார்கள், கேட்டறிந்தார்கள். பிறகு எல்லோரும் கூடி, செபித்து, ஒரு மறையுரையை எழுதி, அதில் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டார்கள். அதை ஆற்றும் பொறுப்பை அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் துறவியிடம் கொடுத்தார்கள்.

1511 டிசம்பர் 21, திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. சாந்தோ தொமிங்கோ நகரின் கோவிலில் ஆளுநர் தியேகோ கொலம்பஸ் அமர்ந்திருந்தார். அவர் கொலம்பஸின் மகன். அரச அதிகாரிகளும் இருந்தார்கள். மொந்தேசினோஸ் மறையுரை மேடையில் ஏறி, பாலைநிலம் என்பது உங்கள் மனச்சான்றுதான் என்றார். நீங்கள் எல்லோரும் சாவான பாவத்தில் வாழ்கிறீர்கள் என்றார். எந்த உரிமையில், எந்த நீதியின்படி இந்த மக்களை இப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டார். இவர்களும் மனிதர்கள் இல்லையா, இவர்களுக்கும் ஆன்மா இல்லையா, உங்களைப்போலவே இவர்களையும் அன்பு செய்ய நீங்கள் கடமைப்பட்டவர்கள் இல்லையா என்று கேட்டார்.

திருப்பலி முடிந்ததும் ஆளுநரும் ஊர்ப் பெரியவர்களும் துறவிகளின் குடிசை வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சாமியார் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் மூட்டையைக் கட்டுங்கள் என்றார்கள். பேத்ரோ பொறுமையாகப் பதில் சொன்னார்: அது ஒருவருடைய பேச்சு அல்ல, எங்கள் எல்லோருடைய பேச்சு. மறு ஞாயிறு மொந்தேசினோஸ் மீண்டும் மேடை ஏறினார். மன்னிப்புக் கேட்பார் என்று எண்ணி வந்தவர்களுக்கு ஏமாற்றம். முன்பு சொன்னதையே இன்னும் விளக்கமாகச் சொன்னார். இந்த மக்களை அடக்கி வைத்திருப்பவர்களுக்கு இனி நாங்கள் பாவமன்னிப்பு வழங்க மாட்டோம் என்றும் அறிவித்தார்.

அன்பர்களே, இந்த மறையுரை இன்று நமக்குத் தெரிவது பர்த்தலோமேயு தெ லாஸ் காசாஸ் என்ற ஒருவர் அதைத் தம் வரலாற்று நூலில் எழுதி வைத்ததால்தான். அவர்தான் நம் கதையின் குருவானவர்.

ஸ்பெயினில் செவில் நகரத்தில் பிறந்தவர். 1502இல், இளைஞராக, தந்தையோடு இஸ்பானியோலாவுக்கு வந்தார். பின்னர் குருவானார். அவருக்கும் நிலம் இருந்தது; வேலை செய்யத் தாயினோ மக்கள் இருந்தார்கள். தம் ஆட்களைக் கொடுமைப்படுத்தியவர் அல்ல அவர். தம்மை நல்ல எஜமான் என்றே நினைத்திருந்தார். ஒருநாள் ஒரு தோமினிக்கன் துறவியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். நீர் ஆட்களை அடக்கி வைத்திருக்கிறீர், உமக்குப் பாவமன்னிப்புத் தர முடியாது என்றார் அந்தத் துறவி. லாஸ் காசாஸ் வாதாடிப் பார்த்தார். துறவி அசையவில்லை. லாஸ் காசாஸ் அவரை மதித்தார். ஆனால் ஆட்களை விடவில்லை.

1513இல் கியூபா தீவைக் கைப்பற்றப் போன படையோடு அவர் குருவாகச் சென்றார். காவோனாவோ என்ற ஊரில், அப்பமும் மீனும் கொடுத்து வரவேற்ற மக்களைப் படைவீரர்கள் காரணமில்லாமல் வெட்டி வீழ்த்தினார்கள். லாஸ் காசாஸ் கண்ணால் கண்டார். தடுக்கப் பார்த்தார், கோபத்தில் கத்தினார். அதற்குப் பிறகும், கியூபாவில் அவருக்கு நிலமும் ஆட்களும் வழங்கப்பட்டபோது வாங்கிக்கொண்டார். நண்பர் பேத்ரோ தெ ரெந்தேரியாவோடு சேர்ந்து பண்ணை நடத்தினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அவர் மறையுரையை அறிந்திருந்தார். பாவமன்னிப்பு மறுக்கப்பட்டிருந்தார். இரத்தத்தை நேரில் பார்த்திருந்தார். ஆனாலும் மாறவில்லை. கொல்கிறவன் வேறு, நான் வேறு என்று நினைத்திருந்தார். நமக்கும் இது பழக்கமான நினைப்புத்தான்.

1514ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறையுரை தயாரிக்க உட்கார்ந்தார். சீராக் ஞானநூலின் 34ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. அநியாயமாகச் சேர்த்ததிலிருந்து செலுத்தும் காணிக்கையைக் கடவுள் ஏற்பதில்லை என்கிறது அந்தப் பகுதி. ஏழையின் பொருளை எடுத்துப் பலி செலுத்துவது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்குச் சமம் என்கிறது. உழைப்பவனுடைய கூலியைப் பறிப்பவன் அவனுடைய இரத்தத்தைச் சிந்துகிறான் என்கிறது.

தாம் பீடத்தில் வைக்கும் அப்பமும் இரசமும் யாருடைய உழைப்பில் வந்தவை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சில நாட்கள் யோசித்தார். பழைய மறையுரை நினைவுக்கு வந்தது. பாவமன்னிப்பு மறுத்த துறவியும் நினைவுக்கு வந்தார். தாம் ஆட்களை விட்டுவிட்டால் அவர்கள் இன்னும் கொடிய எஜமானிடம் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் தம்மிடம் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கண்டிக்க வாய் வராது என்பதை உணர்ந்தார். ஆளுநர் தியேகோ வெலாஸ்கெஸிடம் போய், எனக்குக் கொடுத்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்றார். ஆளுநரால் நம்பவே முடியவில்லை. ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா அன்று சாங்தி ஸ்பிரித்துஸ் ஊரில் எல்லோர் முன்னிலையிலும் அதை அறிவித்தார்.

அந்த நேரத்தில் ஜமைக்காவுக்குப் போயிருந்த ரெந்தேரியாவும், தாயினோ குழந்தைகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் திரும்பினார். ஒருவர் மனத்தில் இருந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் மனம் திறந்து பேசிக்கொண்டபோது வியந்து கடவுளைப் புகழ்ந்தார்கள். ரெந்தேரியா கொண்டுவந்த சரக்கை விற்ற பணத்தில்தான் லாஸ் காசாஸ் அரசரிடம் முறையிட ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார்.

அதன் பிறகு அவர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் இந்த மக்களுக்காகவே வாழ்ந்தார். 1516இல் பூர்வகுடிகளின் பாதுகாவலர் என்ற பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர் தோமினிக்கன் சபையில் சேர்ந்தார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஓர் ஆணை மடல் வெளியிட்டார்: இம்மக்கள் உண்மையான மனிதர்கள், கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் அவர்களுடைய சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக்கூடாது. 1542இல் அரசர் ஐந்தாம் சார்லஸ் புதிய சட்டங்கள் கொண்டுவந்தார். அவற்றின் பின்னே லாஸ் காசாஸின் உழைப்பு இருந்தது. மெக்சிகோவின் சியாப்பாஸ் மறைமாவட்ட ஆயராகச் சென்றபோது, தமக்கு ஒருகாலத்தில் மறுக்கப்பட்டதை அவரே மற்றவர்களுக்கு மறுத்தார். ஆட்களை அடக்கி வைத்திருந்தவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கவேண்டாம் என்று தம் குருக்களுக்குக் கட்டளையிட்டார். எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக இருந்ததால் நீண்டகாலம் அங்கே இருக்க முடியவில்லை. புதிய சட்டங்களின் முக்கியமான பகுதியும் 1545இல் திரும்பப் பெறப்பட்டது.

அன்பர்களே, இதோடு முடித்தால் இது ஒரு புனிதருடைய கதைபோல அழகாக இருக்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாயினோ மக்களைக் காப்பாற்றும் அவசரத்தில், அவர்களுக்குப் பதிலாக அடிமைகளைக் கொண்டுவந்து வேலை செய்ய வைக்கலாம் என்று லாஸ் காசாஸ் அரசுக்கு யோசனை சொன்னார். அவர்களில் கறுப்பின அடிமைகளும் அடங்குவர். அந்த வணிகத்தைத் தொடங்கியவர் அவரல்ல. அவர் சொல்வதற்கு முன்பே ஆப்பிரிக்க அடிமைகள் அந்தத் தீவில் இருந்தார்கள். ஆனாலும் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்த செவில் நகரத்துத் தெருக்களில் அடிமைகளைப் பார்ப்பது அன்றாடக் காட்சி. பார்த்துப் பழகியதால் கண் மரத்துப்போயிருந்தது. ஒரு மனிதனுடைய கண்ணீர் தெரிந்தது; பக்கத்தில் நின்ற இன்னொரு மனிதனுடைய கண்ணீர் தெரியவில்லை.

முதுமையில், ஆப்பிரிக்கக் கடற்கரையில் மக்கள் எப்படிப் பிடிக்கப்பட்டார்கள் என்பதை வாசித்து அறிந்தார். தம் வரலாற்று நூலில் தம் தவற்றைத் தாமே எழுதினார். கறுப்பின மக்களை அடிமையாக்குவதும் அதே அளவு அநீதிதான் என்றார். அறியாமல் செய்தேன் என்பது கடவுளின் தீர்ப்புக்கு முன் தம்மைக் காப்பாற்றுமா என்பது தமக்கு உறுதியில்லை என்றும் எழுதினார். 1566இல் மத்ரித் நகரில் அவர் இறந்தார். அவர் எழுதிய வரலாறு அச்சேறியது 1875இல்தான். தம் குற்றத்தை எழுதி, யாரும் பாராட்டுவார்கள் என்று காத்திராமல் விட்டுப்போனார்.

மனமாற்றம் ஒருமுறை நடந்து முடிந்துவிடுவதில்லை என்பதை இவருடைய வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. ஒரு பாவத்திலிருந்து விடுபட்டவுடன், இனி நமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று நினைத்துவிடுகிறோம். இன்னும் பார்க்காத ஒரு முகம் நம் பக்கத்திலேயே இருக்கலாம்.

திருவருகைக்காலத்தில் நாம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவோம். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஞாயிறு பூசையை விட்டுவிட்டேன் என்று சொல்வோம். இந்த முறை கூடுதலாக ஒரு கேள்வியை நம்மிடம் கேட்டுப் பார்ப்போம். நம் வீட்டில், தோட்டத்தில், கடையில் வேலை செய்பவருக்கு உரிய கூலியை உரிய நேரத்தில் கொடுத்தோமா? அவருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறோமா? கோவிலுக்கு நாம் கொடுக்கும் காணிக்கை யாருடைய வியர்வையிலிருந்து வந்தது? நாம் நல்ல எஜமான்தான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

செபிப்போம். ஆண்டவரே, உமது வழியை ஆயத்தம் செய்ய எங்களுக்கு ஒரு குரலை அனுப்பும். அந்தக் குரல் எங்களுக்குக் கசந்தாலும், அதைத் துரத்திவிடாதிருக்க அருள்தாரும். நாங்கள் இன்னும் காணாத சகோதர சகோதரிகளைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.