காரைப் பூச்சு: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

காரை என்பது சுண்ணாம்பும் மணலும் கலந்து அரைத்த சாந்து. மேடுபள்ளமான செங்கல், கல் சுவர்களின் உட்புறத்திலும் மேற்கூரையின் அடிப்புறத்திலும் இதைப் பூசி மட்டப்படுத்தும் வேலை காரைப் பூச்சு எனப்படும். சிமெண்ட் பரவும் வரை தமிழகத்தின் அரண்மனைகள், கோயில் விமானங்கள், சத்திரங்கள், வசதியுள்ளோர் வீடுகள் ஆகியவற்றில் இதுவே முதன்மையான பூச்சு. கிராமங்களில் 'காரை வீடு' என்ற சொல்லே செல்வநிலையைக் குறித்தது. இப்பூச்சுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் நிறைந்த பகுதி இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். காரையின் இடத்தைப் பிடித்த சிமெண்டும் இதே கல்லிலிருந்துதான் வந்தது.

கடல் தந்த கல்

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் இப்பகுதியின் பல இடங்களைக் கடல் மூடியிருந்தது. நத்தை, சிப்பி முதலிய உயிரிகளின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. இப்பாறைகளை ஆராய்ந்த ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு 1862இல் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940இல் அறியப்பட்ட கல்மரமும் அக்காலத்தின் சான்றே. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் கடற்படிவுகளில் புதைந்து கல்லானது.

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்பப் பெற்று இறுகும். அதாவது, கல் சாந்தாகிச் சுவரில் மீண்டும் கல்லாகிறது. இது மெதுவாக, வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நடப்பதால் காரையைத் தடிமனாக ஒரே முறையில் பூச முடியாது. காரைப் பூச்சின் முறைகள் பலவும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தவை.

சோழர் காலச் சான்றுகள்

முதலாம் இராஜேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் அரண்மனையின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன. சுவர்கள் சுட்ட செங்கல்லால் ஆனவை. மேற்கூரையில் சிறிய தட்டை ஓடுகளை நேர்த்தியான சுண்ணாம்புச் சாந்தில் பல அடுக்குகளாகப் பதித்திருந்தனர். தூண்கள் கருங்கல் அடித்தளத்தின்மேல் நின்ற மரத்தூண்களாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

சோழர் காலப் பூச்சின் தரத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில் காணலாம். அதன் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அச்சாந்தை ஆராய்ந்தார். கல்லின்மேல் சொரசொரப்பான அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய நயப்பூச்சு என இரண்டு படலங்கள் இருந்தன. அடிப்பூச்சு கல்லின் மேடுபள்ளத்தை நிரப்பியது. நயப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மீது வண்ணம் தீட்டப்பட்டது.

கங்கைகொண்ட சோழபுரக் கோயில் வளாகத்தில் உள்ள சிங்கக் கிணறு பிற்காலத்தது. செங்கல்லும் சாந்தும் கொண்டு அமைத்த சிங்க உருவத்தின் வழியாகக் கிணற்றுக்குப் படிகள் இறங்குகின்றன. உடையார்பாளையம் ஜமீன்தார் இதனை அமைத்ததாக அங்குள்ள 19ஆம் நூற்றாண்டு எழுத்துப்பொறிப்பு கூறுகிறது. சுவரை மறைக்கும் சாந்தே உருவம் வடிக்கவும் பயன்பட்டதற்கு இது எடுத்துக்காட்டு. கோயில் கோபுரங்களின் சுதைச் சிற்பங்களும் இவ்வகையே.

பூசும் முறை

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மணலுடன் சேர்த்து, வட்டமான பள்ளத்தில் கல் உருளையை மாடுகள் சுற்றி இழுக்க அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பது வழக்கம். இவை சாந்துக்குப் பிடிப்பையும் உறுதியையும் தரும். அரைத்த சாந்தைச் சில நாள் புளிக்க விட்டுப் பயன்படுத்துவர்.

கொத்தனார் முதலில் சுவரை நீர் தெளித்து நனைப்பார். உலர்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பூச்சு பிடிக்காமல் உதிரும். அடுத்துத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் சாய்வையும் பள்ளத்தையும் அறிவார். ஆழமான பள்ளங்களில் ஓட்டுச்சில்லு, செங்கல் துண்டு ஆகியவற்றை வைத்துச் சாந்து அடிப்பார். அது இறுகியபின் அடிப்பூச்சு, பிறகு நயப்பூச்சு. கரணையால் பூசி, மட்டக்கோலால் இழுத்து, மரக்கட்டையால் தேய்ப்பது வரிசை. செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய சென்னை மாளிகைகளிலும் இதற்குமேல் முட்டை வெண்கரு முதலியவை சேர்த்த மிக நுண்ணிய படலம் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கினர். ஐரோப்பியர் இதனை 'மெட்ராஸ் சுண்ணம்' என்று வியந்தனர்.

மேற்கூரை வேலை இன்னும் கடினம். மரச்சட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக, கோணவாட்டில் அடுக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் மேற்புறத்துச் சுண்ணாம்புக் கலவையை மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவர். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். அடிப்புறத்தில் சட்டங்களுக்கு இடைப்பட்ட கரடுமுரடான செங்கல் பரப்பில், அண்ணாந்து பார்த்தபடி மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் பார்வைக்கே கேடு.

ஏழை எளியோர் வீடுகளில் மண்சுவரே இருந்தது. நறுக்கிய வைக்கோலை மிதித்துக் கலந்த களிமண் அடிப்பூச்சு. மேலே சாணம் கலந்த மெழுகல். பொங்கலுக்கு முன் ஒரு கை வெள்ளையடிப்பு. காரை இவர்களுக்கு எட்டாப் பொருளாக இருந்தாலும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு எல்லா வீட்டுக்கும் வந்தது.

சிமெண்டின் வருகை

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்து மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டு அரைப்பதே அதன் முறை. அரியலூருக்குத் தென்மேற்கே கல்லக்குடியில் 1939இல் டால்மியா ஆலை தொடங்கியது. 1979இல் தமிழ்நாடு அரசின் டான்செம் ஆலை அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகள் பெருகி, அரியலூர் 'சிமெண்ட் நகரம்' என்ற பெயர் பெற்றது.

சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகும். புளிக்க வைக்கவும் அரைக்கவும் தேவையில்லை. செங்கல் சுவரின் உட்புறத்துக்கு 12 மில்லிமீட்டர், கான்கிரீட் கூரையின் அடிப்புறத்துக்கு 6 மில்லிமீட்டர் என்பது இன்றைய பொது வழக்கம். கான்கிரீட் வழவழப்பாக இருப்பதால் அதைக் கொத்திவிட்டுப் பூச வேண்டும். ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். மாதக்கணக்கில் நடந்த வேலை சில வாரங்களில் முடிந்தது. எளியோரும் பூச்சு வீடு கட்ட முடிந்தது. சுண்ணாம்புக் காளவாய்களும் சாந்து அரைக்கும் உருளைகளும் மறைந்தன. காளவாய் வேலையை நம்பியிருந்தோர் வேறு தொழில் தேட வேண்டியிருந்தது.

பட்டியும் டெக்ஸ்சர் பூச்சும்

சிமெண்ட் பூச்சின் நுண்ணிய மேடுபள்ளங்களை மறைக்க வெள்ளை சிமெண்டால் ஆன பட்டி வந்தது. 'பட்டி பார்த்தல்' பெயிண்டர்களின் தனி வேலையாயிற்று. அதன்பின் வந்தது டெக்ஸ்சர் பூச்சு. மட்டமான சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் சிறு பள்ளமும் நிழல் காட்டும். சுவர் முழுதும் வேண்டுமென்றே சொரசொரப்பாக இருந்தால் எது குறை, எது வேலைப்பாடு என்று கண்ணுக்குத் தெரியாது. டெக்ஸ்சர் பூச்சின் பயன் இதுவே.

மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் இவ்வகைப் பூச்சு கூரைகளில் பெரிதும் பரவியது. அதில் பிடிப்புக்காகக் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் தூசு நுரையீரல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் காரணம் எனத் தெரிந்தபின் அமெரிக்கா 1978இல் கல்நார் கலந்த தெளிப்புப் பூச்சுகளுக்குத் தடை விதித்தது. அத்தகைய பழைய கூரைகளைச் சுரண்டுவதே அங்கு இன்றும் ஆபத்தான வேலை.

பழைய சுவரும் புதிய பூச்சும்

பழைய காரை வீடுகளைப் புதுப்பிக்கும்போது சிக்கல் எழுகிறது. அவற்றின் தடித்த சுவர்களுக்கு ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரும். உப்புப் பூக்கும், பூச்சு உப்பி விழும். சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கடினமானது என்பதால், விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். டெக்ஸ்சர் பூச்சு இந்நோயைச் சில காலம் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர ஆற்றாது. சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் கொத்தி எடுத்து, காரையாலேயே நிரப்புவதே சரியான முறை. தொல்லியல் சின்னங்களின் பராமரிப்பிலும் இதே காரணத்தால் சுண்ணாம்புச் சாந்து இன்றும் பயன்படுத்தப்படுகிறது.

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. அதை நீற்றி, புளிக்க வைத்து, பள்ளமறிந்து பூசும் கைகளே குறைந்துவிட்டன. கொத்தனாரிடமிருந்து சித்தாளுக்குக் கைவழியாகவே வந்த அறிவு இது. பழைய வீடுகளும் சத்திரங்களும் நிற்கும் வரை அதற்குத் தேவை இருக்கும்.