தோட்ட வீடமைப்பு நிதி

இலங்கை மலைநாட்டில் கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பெற்ற லயன்களைச் சீர்திருத்துவதற்கும், அவற்றுக்குப் பதிலாகத் தனி வீடுகளை அமைப்பதற்கும் அரசாங்கம், தோட்டக் கம்பெனிகள், அயல்நாட்டு உதவி, தொழிலாளர் குடும்பம் என்னும் நான்கு வழிகளில் திரட்டப்படும் பணம் இப்பெயர் பெறும். நுவரெலியா மாவட்டத்தில், கெசல்கமு ஓயா பாயும் பள்ளத்தாக்கில் அமைந்த பொகவந்தலாவையைச் சூழ்ந்த தோட்டங்கள் இப்பிரச்சினையை நேரிற் காணத்தக்க இடங்களுள் ஒன்றாகும்.

ஒரே தகரக் கூரையின்கீழ் அடுத்தடுத்த காம்பராக்களும் (அறைகளும்), முன்னே ஒடுங்கிய இஸ்தோப்புமாக (திண்ணையுமாக) அமைந்த லயனில் குடியிருப்பவர் வாடகை செலுத்துவதில்லை, உரிமையும் அவருக்கில்லை. வேலையோடு வீடும் பிணைந்திருந்தமையால், பழுது பார்ப்பது தோட்டத்தின் செலவுக் கணக்கில் ஏறும் சுமையாகவே கருதப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் பெரும்பாலோர் நாடற்றவராகி, அரசாங்க உதவிகளுக்கும் புறம்பாயினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றபோதும் நிலம் அரசாங்கத்திடமே நின்றது.

1980களிலிருந்து ஆசிய அபிவிருத்தி வங்கி, நெதர்லாந்து, நோர்வே ஆகியவற்றின் உதவி சமூக நலத் திட்டங்களுக்குக் கிடைத்தது. பின்னர் அரசாங்கமும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியம் இப்பணியை மேற்கொண்டது. வீட்டுக் கடனைத் தொழிலாளரின் சம்பளத்தில் கழித்து அறவிடும் முறை வழங்கியபோதும், கடன் தீர்ந்த பின்னரும் காணி உறுதி பலர் கைக்கு வந்து சேரவில்லை. இந்திய அரசாங்கம் முதலில் 4,000 வீடுகளுக்கு நன்கொடை அளித்தது. 2017 மே 12 அன்று பொகவந்தலாவைக்கு அண்மையிலுள்ள நோர்வூட்டில் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். விலைவாசி ஏறியமையால் இப்பத்தாயிரத்தில் வீடொன்றுக்கான தொகை பின்னர் 28 இலட்சம் இலங்கை ரூபாயாகத் திருத்தப்பட்டது.

பணத்துக்கு நிகரான தடை நிலத்தினாலும் சட்டத்தினாலும் உண்டாயிற்று. பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடையூறாயிருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. 2015க்குப் பின் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்னும் அளவு வகுக்கப்பட்டது. ஆயினும் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பெனி நிலத்தை விடுவித்தாலன்றி அடித்தளம் இட இயலாது. குடியிருப்பவருக்கு உரிமை இருப்பின் செலவு எவ்வாறு பகிரப்படும் என்பதற்குச் சிங்கப்பூரை ஒப்பிடலாம்: அங்கு அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போர் 99 ஆண்டுக் குத்தகை உரிமையுடையவராதலால், 2007இல் தொடங்கிய புதுப்பித்தற் திட்டத்தில் அத்தியாவசியப் பழுதுகளின் செலவை அரசாங்கம் ஏற்க, விருப்பத்தின்பேரிலான வேலைகளில் அவர்களும் ஒரு பங்கைச் செலுத்துகின்றனர். பொகவந்தலாவையிலோ, உறுதி பெற்ற குடும்பம் அதை வங்கியில் ஈடு வைத்து மகனுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டலாம்; லயனில் இருக்கும் குடும்பம் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்குவதற்கும் தோட்டத்துத் துரையின் (நிர்வாகியின்) அனுமதியை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது.