அம்பை நேராக்குதல்: இஷி, போப், துல்லியம் என்கிற சொல்

அம்பு நேராகப் போவதில்லை. விரல்கள் விலகும் கணத்தில் நாண் சற்றே பக்கவாட்டில் நழுவுகிறது. பின்னாலிருந்து வரும் தள்ளலில் தண்டு வளைகிறது. வில்லின் பிடியைச் சுற்றிப் பாம்பு மாதிரி நெளிந்து, இப்படியும் அப்படியுமாக அதிர்ந்து, பிறகுதான் தன் கோட்டுக்கு வருகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேக ஒளிப்படங்களில் இதைப் பிடித்துக் காட்டினார். வில்லாளியின் முரண் என்று இதற்குப் பெயர். ஆக, தண்டின் விறைப்பு வில்லின் பலத்தோடு ஒத்துப்போக வேண்டும். வலக்கைக்காரன் எய்யும்போது அதிக விறைப்பான அம்பு இடப்பக்கம் விலகும். தொய்வானது வலப்பக்கம் போகும். முனையின் எடையைக் கூட்டினால் அதே தண்டு இன்னும் அதிகம் வளையும். வேட்டை அம்பில் சிக்கல் இரட்டிப்பு. அகன்ற முனை முன்பக்கத்தில் ஒரு சிறகுபோல வேலை செய்து அம்பைத் திருப்பப் பார்க்கும். அதை அடக்கப் பின்னால் போதுமான இறகு வேண்டும், முனையும் தண்டின் அச்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் இயற்பியல். நான் பேச வந்தது வேறு: இந்த அறிவு யாருடையது, அது எப்படிக் கை மாறியது?

1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே, பட்டினியால் இளைத்த ஒரு மனிதர் பிடிபட்டார். யாகி இனத்தவர். 1860களில் வெள்ளைக் குடியேறிகள் நடத்திய படுகொலைகளில் அந்த இனம் ஏறக்குறைய துடைத்தழிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய நாலைந்து பேர் டீர் க்ரீக் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1908இல் நில அளவையாளர்கள் அவர்கள் குடிலைக் கண்டுபிடித்து, அங்கிருந்த வில், அம்பு, கருவிகளையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். ஞாபகார்த்தமாக! அளப்பதற்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனது ஒரு குடும்பத்தின் சோற்றை.

பிடிபட்டவர் தன் பெயரைச் சொல்லவில்லை. மானுடவியலாளர் ஆல்ஃப்ரட் குரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகமே வீடாயிற்று. அங்கே துப்புரவு வேலை, மாதம் 25 டாலர் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்துக்கு முன் உட்கார்ந்து கண்ணாடி பாட்டில் துண்டுகளைச் செதுக்கி அம்பு முனைகள் செய்வார். காட்சிப்பொருளே காட்சி நடத்துகிற இடம்.

பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப். இஷிக்கு வைத்தியர், பிறகு நண்பர், பிறகு வில்வித்தையில் மாணவர். அவர் 1918இல் எழுதிய யாகி வில்வித்தை பற்றிய சிறுநூலில் இஷியின் கை ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. செடியின் நேரான கிளைகளை வெட்டிப் பட்டையுரித்துக் கட்டாகக் கட்டி உலர விடுவது. வளைந்த இடத்தைத் தணலில் காட்டி, சூட்டோடு சூடாக வளைத்து நிமிர்த்துவது. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பது, திரும்பத் தணலுக்குப் போவது. இரண்டு மணற்கல் துண்டுகளுக்கிடையில் வைத்துத் தேய்ப்பது. கூர்மையான எலும்பைக் கால் பெருவிரல்களுக்கிடையில் நிறுத்தி, அதன்மேல் தண்டை உள்ளங்கைகளால் சுழற்றித் துளையிடுவது. அந்தத் துளையில் கனமான மரத்தில் செய்த முன்தண்டு செருகப்படும். எடை முன்னுக்குப் போகும். வாயில் மென்று மிருதுவாக்கிய தசைநாரால் மூன்று இறகுகளைக் கட்டுவார். காய்ந்ததும் நார் இறுகிக்கொள்ளும். விறைப்பு, எடைச்சமன், இறகின் இழுப்பு எல்லாம் இதில் இருக்கிறது. ஹிக்மனின் கேமராவுக்கு வெகுகாலம் முன்பே கட்டைவிரலும் கண்ணும் இதைச் சாதித்திருந்தன. 'உள்ளுணர்வு' என்று சொல்லி நாம இதை ஒதுக்கிவிடக் கூடாது. தேய்த்து, பார்த்து, திரும்பத் தேய்ப்பது சோதனை முறைதான், எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

போப் இஷியை இலக்குப் பலகைக்கு முன் நிறுத்தினார். வட்டங்கள், புள்ளிகள், தூரம். அதில் இஷி சுமாராகவே எய்தார். நாற்பது, ஐம்பது கஜத்துக்கு மேல் அவருக்கு அக்கறையே இல்லை. அவர் பழகியது பத்து இருபது கஜம், முயல் அளவு, காடை அளவு. அங்கே அவர் கை தப்புவது அபூர்வம். இங்கேதான் துல்லியம் என்கிற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். பலகையின் துல்லியம் என்பது ஆங்கிலேய மேட்டுக்குடி விளையாட்டிலிருந்து வந்த அளவுகோல். அதில் புள்ளிகளைக் கூட்டலாம், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடலாம். இஷியின் துல்லியத்தில் பதுங்குவது, காத்திருப்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் சேர்த்தி. அம்பு விடுவது அதில் கடைசிக் காரியம். பலகை இதில் எதையும் அளக்காது. போப் இதை உணராதவர் இல்லை. இலக்குப் பலகையில் சுமாரென்று எழுதிய அதே ஆள்தான் வேட்டையில் இஷியின் திறமையை மனசு விட்டுப் புகழ்கிறார். ஆனாலும் அட்டவணை அட்டவணையாகவே நின்றுவிட்டது.

இஷியிடம் கற்றதோடு ஆங்கிலேய வில் மரபையும் சேர்த்து 1923இல் போப் வெளியிட்ட வேட்டை நூல்தான் நவீன அமெரிக்க வில்வேட்டையின் மூலநூல். 1961இல் தொடங்கிய வேட்டைச் சங்கம் ஒன்று போப்பின் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் தாங்கியிருக்கிறது. இஷியின் பெயர் அதில் இல்லை.

இஷி 1916 மார்ச் 25 அன்று காசநோயால் இறந்தார். உடலைக் கூறு போட வேண்டாமென்று நியூயார்க்கிலிருந்து குரோபர் எழுதிய கடிதம் பிந்தி வந்தது. மூளையைத் தனியே எடுத்து வைத்தார்கள். பின்னால் அதை ஸ்மித்சோனியனுக்கு அனுப்பி வைத்தவரும் இதே குரோபர்தான். எனக்கு ஏகலைவன் ஞாபகம் வராமலில்லை. ஆனால் அங்கே கேட்டது குரு. இங்கே குருவின் மண்டையைத் திறந்தது சீடன் வேலை பார்த்த நிறுவனம்.

இன்னொன்று. 1996இல் ஸ்டீவன் ஷாக்லி இஷி செய்த முனைகளை ஆராய்ந்து, அவை யாகி முனைகளைவிட அண்டை இனங்களான வின்டு, நோம்லாகி மக்களின் முனைகளையே ஒத்திருப்பதாக வாதிட்டார். அவர் கலப்பு மரபினராக இருந்திருக்கலாம், அண்டை இனத்தாரிடம் கற்றிருக்கலாம். 'கடைசித் தூய காட்டு இந்தியன்' என்று பத்திரிகைகளும் அருங்காட்சியகமும் கட்டிய பிம்பத்தில், கூட்டத்துக்கு முன் அவரே செதுக்கிக் கொடுத்த கல்லும் கண்ணாடியும் ஓட்டை போட்டுவிட்டன.

மூளை 2000 ஆகஸ்டில்தான் பூர்வகுடி மக்கள் கைக்குத் திரும்ப வந்தது. அவர்கள் அதைச் சாம்பலோடு சேர்த்து, இடம் வெளியே சொல்லாமல் அடக்கம் செய்தார்கள். 1916இல் உடலை எரித்தபோது கூடவே ஒரு வில்லையும் ஐந்து அம்புகளையும் வைத்திருந்தார்கள்.