அறமும் சமயமும்: கண்டி வரலாறு தரும் சான்று

நன்று இது, தீது இது எனப் பகுத்தறிதற்குச் சமயம் இன்றியமையாததா என்னும் வினா மிகப் பழமையானது. சமயம் இல்லையேல் அறமும் இல்லை என்பர் ஒருசாரார். அறவுணர்வு மனித இயல்பிலேயே வேரூன்றியது என்பர் மற்றொரு சாரார். தத்துவ ஆசிரியர் இதனை அளவை வழியாக ஆராய்வர். வரலாற்று மாணவரோ, மனிதர் உண்மையில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைக் கொண்டு ஆராய்தல் வேண்டும். அதற்குக் கண்டி தக்க களமாகும். தலதா மாளிகையும் அதன் அயலிலே நாதர், விஷ்ணு, பத்தினி தேவாலயங்களும் ஒருங்கமைந்த இந்நகரில், மன்னன் பௌத்தத்தின் காவலனாகப் போற்றப்பட்டான்.

முதலில் 1697ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குவாம். கோவையிலிருந்து அன்று, கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கத் துறவியான யோசேவ் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்து, 1692இல் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறையிட்டனர். பின்னர் நகரிலே பெரியம்மை பரவியபோது மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் உட்படப் பலர் வெளியேறினர். கைவிடப்பட்ட நோயாளரை அடிகளாரும் அவர்தம் மருகரான கர்வாலியோ அடிகளாரும் சமய வேறுபாடு பாராது பேணினர். இச்செய்திகளைத் தருவன பெரும்பாலும் அவர்தம் சபையினரின் எழுத்துகளே. ஆதலின் அவற்றிற் புகழுரை கலந்திருத்தல் கூடும். எனினும், பௌத்தத்திற் பற்றுமிக்க அம்மன்னன் அவருக்குப் பணிசெய்ய இடமளித்தான் என்பதும், 1711இல் அடிகளார் கண்டியிலேயே மறைந்தார் என்பதும் தெளிவு. துறவியின் கடவுளை மன்னன் ஏற்கவில்லை; அவர்தம் செயலின் நன்மையையோ ஏற்றான். கொள்கையாற் பிரிந்த இருவர் ஒரே செயலை நன்று எனக் கண்டனராயின், அவ்வளவுகோல் இரு சமயத்திற்கும் பொதுவானதாதல் வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி இதன் மறுதலையாகும். 1814இல் அதிகாரம் எஹலப்பொல கிளர்ச்சி செய்து பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தபோது, மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவன் மனைவியையும் மக்களையும் கொல்வித்தான். இரண்டு நாள் நகர் முழுவதும் அடுப்பு மூட்டாது உண்ணாதிருந்து துக்கம் காத்ததாகக் கேள்வியுற்றதை, இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டுதல் பிரித்தானியருக்கு நலந்தருவது என்பதை இங்கு மறத்தலாகாது. ஆயினும் அக்கொலையை நாட்டார் இன்றளவும் மறந்திலர். கொல்வித்தவன் பௌத்தத்தின் காவலன். அழுதவரோ அச்சமயத்தையே பெரிதும் தழுவியோர். ஒரே சமயச் சூழல் அரசனைத் தடுக்கவில்லை. மக்கள் அதனைத் தீது என உணர்தற்கு ஆணையெதனையும் எதிர்பார்க்கவுமில்லை.

மூன்றாவதாக, 1815 மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை கருதற்பாலது. அதன் ஐந்தாம் வாசகம் பௌத்தத்தைப் பேணுவதாக உறுதி கூறிற்று. ஆறாம் வாசகம் சித்திரவதையையும் உறுப்புச் சிதைத்தலையும் விலக்கிற்று. சமயங் காத்தலும் கொடுமை விலக்கலும் வெவ்வேறு கடமைகளாக அங்கு வைக்கப்பட்டன. ஆயின் இவ்வுறுதி அளித்த அரசே 1817–18 கிளர்ச்சியை அடக்குகையில் ஊவாவிலே ஊர்களை எரித்தது. அறத்தை அறிதல் வேறு, அதன்வழி நிற்றல் வேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அங்ஙனமாயின் சமயத்தாற் பயனில்லையோ எனின், அற்றன்று. வாஸ் அடிகளார் நோய்க்கு அஞ்சாது நின்றது தம் நம்பிக்கையின் வலிமையாலேயாம். அறிந்த அறத்தைச் செய்தற்கு வேண்டும் துணிவையும், தலைமுறைதோறும் அதனைக் கற்பிக்கும் மரபையும் சமயம் தருதல் கூடும். ஆனால் அது தவறாது தரும் என்பதற்கில்லை. கண்டிப் பகுதியிலே 1915இலும், திகன, தெல்தெனியப் பகுதிகளிலே 2018இலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டமை இதனை உணர்த்தும்.

எனவே, சமயம் அறத்தின் ஊற்றன்று. அவ்வூற்று நீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் குளம் எனலாம். குளக்கட்டு உடைந்தால் அந்நீரே ஊரை அழிக்கும். அயலவன் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் நெஞ்சமே அக்கட்டினைக் காக்கவல்லது. பல சமயத்தார் ஒருங்கு வாழும் இந்நாட்டில், ஒருவரையொருவர் அளத்தற்குரிய கோல் அவரவர் வழிபாடன்று, அவரவர் செயலே.