பெங்களூர் கண்ட முன்னணி வீரர்கள்: மூன்று தலைமுறைகள்



ஞாயிறு மாலைகளில் நம் குடியிருப்பின் மைதானத்து ஓரத்தில், மரத்தடியில் கூடும் வழக்கு மன்றத்தை அறியாதவர் நம்முள் இலர். எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் ஒரு புறம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் மறுபுறம். வழக்கு என்றும் ஒன்றேதான். கால்பந்து ஆட்டத்தில், பந்தைக் காலோடு ஏந்தி எதிரியின் கோட்டைக்குள் புகுந்த பெங்களூர் முன்னணி வீரர்களுள் தலைசிறந்தவர் யார்? பெரியவர்கள் அகமது கான் என்பர். பிள்ளைகள் சுனில் சேத்ரி என்பர். இடையே ஒருவர், "அருமைநாயகத்தை மறந்துவிட்டீர்களே!" என்று மனம் வருந்துவார். தெருவிளக்கு எரியும் வரை வாதம் நடக்கும். தீர்ப்பு மட்டும் வருவதில்லை. அவ்வழக்கை இம்மலரின் வாயிலாகச் சற்று ஆற அமர ஆராய்வதே நம் நோக்கம்.

நாம் ஆட்டக்கலை பயின்ற நிபுணர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவர். எனினும் நம் தொழில் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துள்ளது. நிலக்கரி தின்ற நீராவி எஞ்சினையும், டீசல் எஞ்சினையும், இன்றைய மின்சார எஞ்சினையும் ஓடிய மணிக்கணக்கை மட்டும் வைத்து யாரும் ஒப்பிடார். பாதையின் அகலம் என்ன, ஏற்றம் எவ்வளவு, இழுத்த பாரம் எவ்வளவு என்று கேட்ட பின்னரே ஒப்பிடுவர். வீரர்களையும் அவ்வாறே அளத்தல் வேண்டும். ஓடிய களம், ஏற்ற பணி, உண்ட சோறு ஆகிய மூன்றையும் நாம் அளவுகோலாகக் கொள்வோம்.

முதற்கண் இவ்வாட்டம் இங்கு வேரூன்றிய வரலாற்றைக் காண்போம். 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் பட்டாளக் குடியிருப்பை அமைத்தனர். பட்டாளத்தைத் தொடர்ந்து தமிழ் நாட்டினின்று தொழிலாளரும், வணிகரும், சிப்பாய்களும் வந்து குடியேறினர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்தபின் அவ்வரவு பெருகிற்று. அல்சூரிலும், ஆஸ்டின் டவுனிலும், மர்பி டவுனிலும், கௌதமபுரத்திலும் வாழ்ந்த ஏழைச் சிறுவர்கள், சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று கண்டனர். பின்னர் தாமே ஆடினர். அவர்களிடம் பூட்ஸ் இல்லை. வெறுங்காலே கருவி. அக்கால்கள் செய்த அருஞ்செயலுக்குச் சான்று வேண்டுமா? பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு, 1937இல் நம் ஊரிலிருந்து சென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம். மறு ஆண்டும் அக்கோப்பை அவர்களிடமே தங்கிற்று.

இம்மண்ணில் விளைந்த முதல் தலைமுறையின் மணிகள் சாரங்கபாணி இராமன், அகமது கான், தன்ராஜ் ஆகியோர். 1948இல் இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. விடுதலை பெற்று ஓராண்டு நிரம்பாத பாரதம் பிரான்சு நாட்டை எதிர்த்துக் களம் இறங்கியது. நம் வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. எனினும் ஆட்டத்தைச் சமன் செய்த கோல் ஒன்று பிறந்தது. அதனை அடித்தவர் நம் பெங்களூர் இராமன். இறுதி நேரத்தில் பிரான்சு மற்றொரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் நம் ஊரினர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

அகமது கானின் கதை இதனினும் பெரிது. 1926இல் பிறந்த இவர் 1949இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். அங்கு வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் முன்னணியில் ஆடினர். ஐவரும் தென்னாட்டவர். வங்க மக்கள் இவர்களைப் பஞ்சபாண்டவர் என்றே போற்றினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐ.எப்.ஏ. கேடயம் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்கே கிட்டியது. அகமது கானின் காலில் பந்து வந்துவிட்டால், அது மகுடிக்கு ஆடும் பாம்பு போல் அவர் சொன்னபடி கேட்குமாம். ஆதலின் அவருக்குப் பாம்பாட்டி என்னும் பட்டப் பெயரும் வாய்த்தது.

ஆயினும் பழமையின் மீதுள்ள பற்றால் நாம் உண்மையை மறைத்தல் கூடாது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. குளிர்ந்த, ஈரமான புல்தரையில் வெறுங்கால்கள் வழுக்கின. அன்று நமக்காக விழுந்த ஒரே கோலும் அகமது கான் அடித்ததே. அத்தோல்விக்குப் பின்னரே நம் நாட்டில் பூட்ஸ் அணிதல் கட்டாயமாயிற்று. எனவே, வெறுங்கால் ஆட்டமே மேலான ஆட்டம் என்று வாதிடும் பெரியவர்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது ஒன்று: வெறுங்கால் அவர்களுடைய பெருமைக்குக் காரணம் அன்று, அது அவர்கள் சுமந்த பாரம். அப்பாரத்தோடு ஓடியதே பெருமை.

இரண்டாம் தலைமுறை பூட்ஸ் அணிந்த தலைமுறை. இதன் முன்னோடி அருமைநாயகம். பெங்களூரிலிருந்து கல்கத்தா சென்று மோகன் பகான் கழகத்தில் பக்கக் கோட்டு ஆட்டக்காரராக விளங்கினார். குறுகிய உடலும் மின்னல் வேகமும் கொண்ட அவரைக் கல்கத்தா மக்கள் 'பேபி டாக்ஸி' என்று அன்போடு அழைத்தனர். 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். அதன்பின் இந்நாள் வரை அப்பதக்கம் நமக்குக் கால்பந்தில் மீண்டும் கிட்டவில்லை. அவருக்குப் பின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு பெருங் கழகங்களுக்கும் ஆடிய கண்ணனை, ஆசியப் பெலே என்று புகழ்ந்தனர். இக்காலத்திலேயே மைசூர் இராஜ்யக் குழு 1967-68, 1968-69 ஆகிய இரு பருவங்களில் தொடர்ந்து சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. முன்னர் 1946-47இலும் 1952-53இலும் வென்ற கோப்பையே அது. நான்கு முறையும் இறுதி ஆட்டத்தில் வீழ்ந்தது வங்காளமே!

இங்கு உண்ட சோற்றைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். அந்நாளில் பந்தாட்டம் தனியே சோறு போட்டதில்லை. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகளும், பட்டாளப் பிரிவுகளும், இரயில்வேயும் ஆட்டக்காரருக்கு வேலை தந்து காத்தன. நம் இரயில்வேக் குழு 1961-62, 1964-65, 1966-67 ஆகிய பருவங்களில் சந்தோஷ் கோப்பையை வென்றது. புகழ் மிக்க பி.கே. பானர்ஜியும் ஈஸ்டர்ன் இரயில்வே ஊழியரே. அக்கால வீரர் அலுவலகக் கையேட்டில் ஒப்பமிட்டு, மாலையில் பயிற்சி செய்து, முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவை எண்ணிக் கலங்கியவர். கோல்களின் எண்ணிக்கையில் இக்கவலைகள் தென்படமாட்டா.

மூன்றாம் தலைமுறை நம் கண்முன் தோன்றியது. 2013இல் பெங்களூரு எப்.சி. என்னும் தொழில்முறைக் கழகம் உருவாயிற்று. முதற் பருவத்திலேயே, அதாவது 2013-14இல், அது ஐ-லீக் பட்டத்தை வென்று நாட்டை வியப்பில் ஆழ்த்தியது. 2015-16இல் மீண்டும் அப்பட்டம். 2016இல் ஏ.எப்.சி. கோப்பையின் அரையிறுதியில், கண்டீரவா அரங்கில், மலேசியாவின் ஜொகூர் குழுவை 3-1 என்று வீழ்த்தி, இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்தியக் கழகம் என்னும் புகழை ஈட்டியது. அவ்வரையிறுதியில் இரு கோல்களை அடித்தவர் சுனில் சேத்ரி. 2018-19இல் ஐ.எஸ்.எல். பட்டமும் வந்து சேர்ந்தது. 1984இல் செகந்திராபாதில் பிறந்த சேத்ரி, நாட்டுக்காக 90க்கு மேற்பட்ட கோல்களை அடித்தவர். இந்தியர் வேறெவரும் அந்த எண்ணின் அருகிலும் வந்ததில்லை.

அப்படியாயின் வழக்கு முடிந்தது என்று பிள்ளைகள் ஆரவாரம் செய்யலாம். சற்றுப் பொறுங்கள்! ஏற்ற பணி என்னும் அளவுகோல் இன்னும் எஞ்சியுள்ளது. அகமது கான் காலத்தில் ஒரு குழுவுக்கு முன்னணியில் ஐவர். கோல்கள் ஐந்து பேரிடையே பங்காயின. உள்பக்க ஆட்டக்காரரான அகமது கானின் முதற்கடமை, பந்தை ஏந்திச் சென்று தன்ராஜ் போன்றோருக்குப் பரிமாறுவது. விருந்தில் பரிமாறியவரின் இலையைப் பார்த்து அவர் திறமையை அளப்பார் உண்டோ? இன்றோ முன்னணியில் நிற்பவர் ஒருவர் அல்லது இருவர். வாய்ப்புகள் அவரை நாடியே வருகின்றன. மேலும், முரட்டு ஆட்டத்தை அடக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளும், களைத்தவருக்கு மாற்றாள் இறக்கும் முறையும் உலகக் கோப்பையில் 1970இல்தான் முதன்முதல் வந்தன. அதற்கு முன் அடிபட்ட முன்னணி வீரர் நொண்டிக்கொண்டேனும் களத்தில் நிற்க வேண்டியவரே.

மறுபுறத்தையும் நோக்குவோம். இன்றைய வீரருக்குப் பயிற்சியாளர், மருத்துவர், உணவு வல்லுநர் எனத் துணைவர் பலர் உளர். ஆனால் எதிரிக்கும் அவர்கள் உளர். எதிர்க் குழுவினர் அவருடைய ஒவ்வோர் அசைவையும் படம் பிடித்து, மும்முறை பார்த்து, வழியடைக்கக் கற்ற பின்னரே களம் வருகின்றனர். அவ்வாறிருந்தும் இருபது ஆண்டுக் காலம் கோல் அடித்துக்கொண்டே இருந்தமை எளிய செயலன்று.

ஆகவே நம் தீர்ப்பு இதுவாகும். பந்தைக் காலோடு ஆளும் கலையில் அகமது கான் முதல்வர். வேகத்தில் அருமைநாயகம் முதல்வர். கோல் அடிக்கும் திறத்திலும், நெடுங்காலம் நிலைத்து நின்ற ஒழுக்கத்திலும் சேத்ரி முதல்வர். எனினும், யாருக்கு நாம் மிகுதியும் கடன்பட்டவர் என்று வினவின், தயங்காது முதல் தலைமுறையைச் சுட்டுவோம். பின்னே வந்தவர்க்கு முன்னே ஒரு பாதை இருந்தது. இராமனுக்கும் அகமது கானுக்கும் பாதை இல்லை.

இம்மூவரையும் பிணைக்கும் இழை ஒன்றும் உண்டு. பெங்களூரில் பிறந்த அகமது கானை, மொழி அறியாத கல்கத்தா தன் மகனாக ஏற்றது. பெங்களூர்த் தமிழரான அருமைநாயகத்துக்கும் அதே கல்கத்தா செல்லப் பெயர் சூட்டியது. செகந்திராபாதில் பிறந்த சேத்ரியின் பெயரைச் சொல்லிக் கண்டீரவா அரங்கில் கன்னடரும், தமிழரும், தெலுங்கரும், மலையாளிகளும் ஒரே குரலில் முழங்கினர். வந்தேறி என்று எவரும் அவர்களை விலக்கவில்லை. அந்த ஊருக்காக அவர்கள் வியர்வை சிந்தினர். ஊர் அவர்களைத் தனதாக்கிக்கொண்டது. பிறந்த மண்ணை விட்டு வந்து, இந்நகரில் வேர் ஊன்றி வாழும் நமக்கு இதனினும் இனிய ஆறுதல் வேறு எது?

இறுதியாக ஒரு விண்ணப்பம். 1968-69க்குப் பின் சந்தோஷ் கோப்பை நம் மாநிலத்துக்கு மீண்டும் வர 54 ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில், கடல் கடந்து ரியாத் நகரில், மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகக் குழு அதனைக் கொணர்ந்தது. அவ்வீரர்களும் ஏதோ ஒரு குடியிருப்பின் மைதானத்தில் புழுதி படிந்த கால்களோடு ஓடிப் பழகிய பிள்ளைகளே. நம் மைதானத்தின் பாதி இடத்தை இன்று வண்டிகள் பிடித்துக்கொண்டன. எஞ்சிய பாதியில் மாலையில் பிள்ளைகள் பந்தோடு ஓடுங்கால், "சன்னல் உடையும், போங்கள்!" என்று நாம் விரட்டுகிறோம். மரத்தடியில் அகமது கானைப் புகழும் நாவால் அவர் வழி வரும் சிறுவனை விரட்டலாமா? சன்னலுக்குக் கம்பி வலை போடுவோம். வண்டிகளைத் தெருவோரம் நிறுத்துவோம். மைதானத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுவோம். நான்காம் தலைமுறை அங்கிருந்து புறப்படட்டும். அன்று நம் மரத்தடி மன்றத்துக்குப் புதியதொரு பெயர் கிட்டும். வழக்கும் இனிதே தொடரும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் இளைஞர்!