'டியோடாண்ட்': ஓர் ஆங்கிலச் சட்டச்சொல்லின் பொருளும் வழக்கொழிவும்

சொற்பிறப்பும் பொருளும்

ஆங்கிலச் சட்ட வழக்கிலிருந்து மறைந்த சொற்களுள் 'டியோடாண்ட்' ஒன்று. 'இறைவனுக்குக் கொடுக்கப்பட வேண்டியது' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து இது பிறந்தது. ஒருவரின் எதிர்பாராத இறப்புக்குக் காரணமாகி, அதனால் அரசுடைமையாகும் விலங்கையோ பொருளையோ இச்சொல் குறித்தது. அதனை அறப்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது கோட்பாடு. நடைமுறையில் அதன் மதிப்பு அரசருக்கோ, அவரிடம் அவ்வுரிமையைப் பெற்ற நிலக்கிழாருக்கோ சென்றது.

பொறுப்பின் அளவுகோல்

இறப்பு விசாரணைக்குரிய நடுவர் குழு பொருளின் மதிப்பை உறுதிசெய்தது. இதில் பொருளின் இயக்கமே அளவுகோலாக அமைந்தது. நின்றிருக்கும் வண்டியின் சக்கரத்தில் ஏறுகையில் ஒருவர் விழுந்து இறந்தால் சக்கரம் மட்டுமே பறிமுதலாகும்; ஓடும் வண்டியால் இறந்தால் வண்டியும் அதன் சுமையும் பறிமுதலாகும் என 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் விளக்குகிறார். உரிமையாளர் தவறிழைத்தாரா என்பது இங்குப் பொருட்டன்று. இறந்தவரின் குடும்பத்தாருக்கும் இதில் சட்டப்படியான உரிமை இல்லை. ஒருவரின் இறப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பாக முறையிட இயலாது என்பதை 1808ஆம் ஆண்டு பேக்கர் எதிர் போல்ட்டன் வழக்கில் எல்லன்பரோ பிரபு உறுதிப்படுத்தினார்.

இருப்புப்பாதையும் வழக்கொழிவும்

இருப்புப்பாதைகளின் வருகை இவ்வழக்கத்தை நெருக்கடிக்கு உள்ளாக்கியது. 1841 டிசம்பர் 24 அன்று ரெடிங் நகருக்கு அருகிலுள்ள சோனிங்கில், மழையால் சரிந்த மண்மேட்டில் தொடர்வண்டி மோதியது. திறந்த பெட்டிகளில் பயணம் செய்த தொழிலாளர் பலர் மாண்டனர். நடுவர் குழு எஞ்சின், பெட்டிகள் மீது 1000 பவுண்டு டியோடாண்ட் விதித்தது. இத்தகைய தீர்ப்புகள் இருப்புப்பாதை நிறுவனங்களை அச்சுறுத்தின. ஆயினும் உறவினர்களுக்கு அவற்றால் பயனில்லை. கேம்பல் பிரபுவின் முயற்சியால் 1846ஆம் ஆண்டு இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று டியோடாண்டை ஒழித்தது. மற்றொன்று, பிறரது தவறால் இறந்தவரின் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு இழப்பீடு பெறும் உரிமையை அளித்தது. இவ்விரண்டாம் சட்டத்தின் வழியிலேயே இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் 13ஆம் சட்டமான உயிரிழப்பு விபத்துகள் சட்டம் உருவாயிற்று.

முடிவுரை

'கொன்றது எப்பொருள்?' என்னும் வினாவுக்கு விடையாக நின்ற சொல் டியோடாண்ட். 'தவறிழைத்தவர் யார்? இழந்தவர் யார்?' எனச் சட்டம் வினவத் தொடங்கியபோது அச்சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆகவே இதன் வழக்கொழிவு, மனித உயிரிழப்பு குறித்த சட்டப்பார்வை மாறியதன் சான்றாகும்.