காதுநலத் தொடர்கல்வி: பதிவேடுகளின் எல்லையும் சேர்வராயன் மலையும்

முன்னுரை

பட்டம் பெற்ற பின்னரும் மருத்துவர் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வழிசெய்வது தொடர் மருத்துவக் கல்வி. காதுநலத் துறையில் இக்கல்வி யாருக்கு விதியாக்கப்பட்டது, யார் அவ்விதிக்கு வெளியே நின்றனர் என்பதை ஒழுங்குமுறைகளின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது. சேலம் மாவட்டச் சேர்வராயன் மலை இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பதிவேட்டின் எல்லையே தொடர்கல்வியின் எல்லையாகவும் அமைந்துவிட்டது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மருத்துவர் பதிவேடு

1835இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியாக உயர்ந்தது. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் தகுதி பெற்றோரை ஒரே பதிவேட்டின்கீழ்க் கொணர்ந்தது. பதிவுக்கு அடிப்படை பட்டமே. அதன்பின் கற்பதற்குச் சங்கக் கூட்டங்களும் இதழ்களும் துணைநின்றன. அவற்றில் பங்கேற்பது அவரவர் விருப்பத்தைச் சார்ந்திருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவை இந்திய மருத்துவக் குழுவின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணிநேரம் தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என அவை வகுத்தன. எனினும் அந்த 30 மணிநேரம் எத்துறை சார்ந்தது என்பதை விதி வரையறுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் காது பற்றி ஒரு வகுப்பும் கேளாமலே விதியை நிறைவுசெய்ய இயலும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிமுறைகள் அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டமையால் 2002ஆம் ஆண்டு விதிமுறைகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

செவியியலாளர் பதிவேடு

கேட்புத்திறனை அளவிட்டுக் கருவி பொருத்தும் செவியியலாளர் வேறொரு பதிவேட்டைச் சார்ந்தவர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம் அவர்களை மறுவாழ்வுப் பணியாளருள் வைத்தது. அக்குழுவும் தொடர் மறுவாழ்வுக் கல்வியை நடத்துகிறது. மருத்துவர் சுகாதார அமைச்சகத்தின் வரம்பிலும் செவியியலாளர் சமூக நீதி அமைச்சகத்தின் வரம்பிலும் அமைந்தனர். ஒரே நோயாளியின் காதை இருவரும் கவனித்தாலும், அவர்கள் கற்கும் கடமை இரு கணக்குகளில் எழுதப்பட்டது.

மலையில் முதலில் காண்போர்

ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சிறப்பு மருத்துவத்திற்கு அவர்கள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்க வேண்டும்; அங்கு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது 1986இல்தான். தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர் பெரும்பாலும் இத்தகைய மலை, பழங்குடிப் பகுதிகளுக்கே நியமிக்கப்பட்டனர். குழந்தையின் காதில் சீழ் வடிவதையோ, அழைத்தால் அது திரும்பாததையோ முதலில் அறியக்கூடியவர்கள் அவர்களும் அங்கன்வாடிப் பணியாளருமே. காதில் எண்ணெய் ஊற்றலாகாது, சுத்தமான துணித் திரியால் சீழை ஒற்றியெடுத்துக் காதை உலர்வாக வைக்க வேண்டும் என்பன எளிய பாடங்கள். ஆயினும் நாட்பட்ட சீழ் செவிச்சிற்றெலும்புகளை அரித்துவிடும் என்பதால் அவற்றின் பயன் பெரிது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கோ காலமே மருந்து. மொழி கற்கும் பருவம் கடந்தபின் காக்ளியர் கருவி பொருத்தினாலும் பயன் குறைகிறது.

இவர்களை நோக்கிய பயிற்சி, பதிவுச் சட்டங்களின் வழியாக வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என மூன்று படிகளில் காதுநலப் பயிற்சி நூல்களை வெளியிட்டது. 2006-07இல் தொடங்கிய தேசியக் காதுகேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் முதல் அங்கன்வாடிப் பணியாளர்வரை அனைவரையும் ஒரே பயிற்சி வரிசையில் வைத்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமும் பிறவிக் காதுகேளாமையைப் பரிசோதனைக்குரிய குறைபாடுகளுள் சேர்த்தது. வரலாற்று நோக்கில் இது முக்கியமான திருப்பம்: கற்போரைத் தீர்மானித்தது இங்குப் பதிவேடு அன்று, பணி.

முடிவுரை

சட்டத்தில் எழுதப்பட்ட கடமை ஐந்தாண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. திட்டத்தால் வரும் பயிற்சியோ நிதியும் ஆணையும் உள்ளவரை நிலைக்கிறது. நோயை முதலில் காண்போர் இரண்டாம் வகையிலேயே வைக்கப்பட்டுள்ளனர். தொடர்கல்வியின் வரலாற்றைச் சிறப்பு மருத்துவரின் வரலாறாக மட்டும் எழுதினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே மருத்துவக் கல்விவரலாற்று ஆய்வுகள் பதிவேட்டிற்கு வெளியே கற்றோரையும் தம் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.